மதி என்று சொன்னவளுக்கு

இன்று விடிந்ததும் காற்று திரும்பிவிட்டது. வாசல் தெளிக்கக் குனிந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அழுகிய மீனைப் பழைய எண்ணெயில் போட்டு வேக வைத்து, வெந்ததை மறுபடியும் வேக வைக்கிற அந்த நாற்றத்தை உனக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. கொடியில் கிடந்த துணியில் அது ஏறிவிட்டது. கட்டன் காப்பியில் அதுதான். பேத்தி நேற்று வைத்துக் கசங்கிய பிச்சிப்பூவை எடுத்து மோந்து பார்த்தேன். பூவிலும் அதுதான்.

ஜன்னலைச் சாத்திவிட்டு, பேத்தியின் பழைய பள்ளிக்கூட நோட்டில் மீதியிருந்த தாள்களில் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீங்க சொல்லுங்க பாட்டி, நான் போனில் அடித்துத் தருகிறேன் என்றாள் அவள். வேண்டாம் என்றேன். ஒருத்தி வாயால் சொல்வதை இன்னொருத்தர் எழுதினால் அது என்னவாகும் என்று இந்தக் கரையில் இரண்டே பேருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒருத்தி நீ. நீ கல்லறையில் கிடக்கிறாய். ஐந்தாம் வகுப்போடு நின்ற என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். இருக்கட்டும். என் கையால் எழுதினால் பிழை வருமே தவிர பொய் வராது.

நீ போன பிறகு உன்னிடம் நான் பேசுவது இதுதான் முதல் தடவை. இருந்தபோதும் கடைசி வருஷங்களில் பேசவில்லை. அதைப் பற்றியும் எழுதத்தான் போகிறேன்.

நீ மேற்கே, கேரளத்தை ஒட்டிய கரையிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். உன் பேச்சு பாட்டுப் பாடுவது போல இருக்கும். நாங்கள் ‘போரும்’ என்று சொல்கிற இடத்திலெல்லாம் நீ ‘மதி’ என்பாய். வந்த புதிதில் ஏலம் எடுத்த மீனை உன் சருவத்தில் வாரிப் போட்டவனிடம் மதி, மதி என்று சொன்னாய். கூட நின்ற பெண்கள் விடுவார்களா? உங்கள் பக்கத்தில் சாளை மீனுக்கு மத்தி என்றல்லவா பேர். “மத்தியா கேக்குதா? இஞ்ச சாளைதான் கெடக்கு ஏட்டி, வேணுமா?” என்று கேலி செய்தார்கள். அதிகம் சிரித்தவள் நான்தான். நீ கோபப்படவில்லை. சிரிப்பு முடியும் வரை இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டு, “சிரிச்சது மதி. பஸ்ஸு போவுது” என்றாய்.

உன்னிடம் இரண்டு மதி இருந்தன. கல்யாணச் சாப்பாட்டில் சோறு விளம்புகிறவனிடம் இலைக்கு மேலே கையைக் கவிழ்த்துக்கொண்டு சொல்வாயே, அது ஒன்று. அந்த மதியில் வயிறு நிறைந்த சந்தோஷம் இருக்கும். இன்னொரு மதிக்குக் கை மேலே போகும். ஐந்து விரலையும் விரித்து, எதிரில் நிற்பவன் முகத்தை மறைப்பது போல உயர்த்துவாய். அந்த மதிக்கு நிறுத்து என்று அர்த்தம். இனி ஒரு சொல் வந்தால் நடக்கிறதே வேறு என்று அர்த்தம்.

அந்த இரண்டாவது மதியை நான் முதலில் பார்த்தது பஸ்ஸில். பூதப்பாண்டியில் விற்று முடித்து, காலிச் சருவத்தோடு திரும்பிக்கொண்டிருந்தோம். கண்டக்டர் எங்களைப் பின்னால் போய் நிற்கச் சொன்னான். ஆட்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறார்களாம். இருக்கை காலியாகக் கிடந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு எழுந்துவிட்டேன். நீ எழவில்லை. “நான் டிக்கெட்டு எடுத்தேனா? எடுத்தேன். உனக்க வீட்டுல மீனு வெக்குமா? வெக்கும். பின்ன மதி. உனக்க பேச்சு மதி” என்று கையை உயர்த்தினாய். அவன் வாயை மூடிக்கொண்டு முன்னால் போனான். இத்தனைக்கும் அவன் தூரத்து ஊர்க்காரன். அவனுக்கு விளங்கியது பார். படித்தவர்களுக்குத்தான் பிறகு விளங்காமல் போயிற்று.

அன்றைக்கு உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன் என்று எழுதினால் அது பொய். எனக்கு வெட்கமாக இருந்தது. உன் பக்கத்தில் திரும்ப உட்காரவில்லை. நாகர்கோவில் வரை நின்றுகொண்டே வந்தேன்.

அப்புறம் அந்த டீச்சர் வீடு. அதை எழுதாமல் விட முடியாது. பூதப்பாண்டியில் வயலைப் பார்த்திருந்த அந்த வீடு என் வாடிக்கை. என் மாமியார் காலத்திலிருந்தே எங்கள் மீன்தான் அங்கே போகும். நான் டைபாய்டில் ஒரு மாசம் கிடந்து எழுந்து, கால் நடுங்க அங்கே போய் நின்றபோது, டீச்சரம்மா கதவுக்கு உள்ளேயிருந்தே சொன்னாள், நீ நல்ல மீனாகக் கொண்டுவருகிறாய், நான் வேறு வீடு பார்த்துக்கொள்ளட்டும் என்று. அன்று முழுவதும் என் சருவத்திலிருந்து ஒரு மீன் குறையவில்லை. மறுநாள் நீ என்னைத் தேடி வந்தாய். அவர்கள் வேறு யாரையாவது பிடித்துவிடுவார்கள் என்றுதான் நீ கொடுத்தாயாம், இனி என்னையே கொடுக்கச் சொன்னாய். நான் கேட்கவில்லை. நீ விளம்பிய இலையில் நான் உட்காரமாட்டேன் என்றேன். ஊரில் நாலு பேரிடமும் சொன்னேன். இன்று வரை அந்தத் தெருப் பக்கம் நான் போனதில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்குத் தெரியவில்லை. எனக்குள் அது பாறையில் ஒட்டிய சிப்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு நடந்ததற்கெல்லாம் அந்தச் சிப்பிதான் காரணம்.

நம் ஊருக்கு வடக்கே தென்னந்தோப்பு இருந்த இடத்தில் மீன்மாவு ஆலை வந்தது. கோழித் தீனிக்கும் இறால் தீனிக்கும் மீனை வேக வைத்து, பிழிந்து, உலர்த்திப் பொடியாக்குகிற ஆலை. முதலில் நாம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. விற்காத மீனுக்கு ஒரு வழி ஆயிற்று என்றுகூடச் சந்தோஷப்பட்டோம். புகை போட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோற்றின் முன்னால் பிள்ளைகள் ஓக்காளித்தார்கள். கிணற்றுத் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மினுங்கியது. பிறந்ததிலிருந்து மீனோடு கிடக்கிற நமக்கே குமட்டியது என்றால் அது எப்படிப்பட்ட நாற்றம் என்று யாராவது யோசிக்க வேண்டாமா?

அந்த ஆலையை இரண்டு மடங்காகப் பெருக்க அனுமதி கேட்டார்கள். அதற்கு ஜனங்களின் கருத்தைக் கேட்க வேண்டுமாம். கேட்டார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, நீள மேசை போட்டு, மேசையில் பாட்டில் தண்ணீர் வைத்து, நமக்கெல்லாம் பருப்பு வடையும் டீயும் கொடுத்துக் கேட்டார்கள். ஆனால் அதற்கு மூன்று நாள் முன்னாலேயே ஆலையின் அடுப்பை அணைத்துவிட்டார்கள். அன்று காற்று கழுவிவிட்டது போலச் சுத்தமாக இருந்தது. நாற்றத்தைப் பற்றிச் சொல்ல வந்த ஜனம், நாற்றமில்லாத மைதானத்தில் அசடு வழிய நின்றது.

மேசை நடுவே இருந்த அதிகாரி மூக்கை இரண்டு தடவை உறிஞ்சிக் காட்டினார். “எங்கம்மா நாத்தம்? எனக்கு ஒண்ணும் வரலியே” என்றார். மேசையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். மீன் விற்கிறவர்களுக்கே மீன் வாடை ஆகவில்லை என்றால் எப்படி என்று பக்கத்திலிருந்தவர் எடுத்துக் கொடுத்தார். அதற்கும் சிரிப்பு. வடையைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஜனங்களிலும் சிலர் சிரித்தார்கள். அவர்கள் பேர் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அப்போதுதான் நீ எழுந்து முன்னால் போனாய். நான் தண்ணீர் குடிக்கப் போனவள் மேசையோரம் நின்றுகொண்டிருந்தேன். மைக் கீச்சென்று கத்தி உன் பேச்சில் பாதியை விழுங்கியது. பின்னால் இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“செத்த மீனு எங்களுக்குப் புதுசா சாரே? அது கடலு மாதிரிதான் மணக்கும். இது பிணத்தை வேக வைக்கிற நாத்தம். இண்ணைக்கு நீங்க வாறியன்னு அடுப்பை அணைச்சுப் போட்டாங்க. நாளைக்கு வந்து ஒரு நேரம் இஞ்ச இருந்து சோறு தின்னு பாருங்க. எங்க பிள்ளைக ஓக்காளிச்சது மதி. எங்களுக்கு மதி சாரே.”

கை மேலே போயிற்று. ஐந்து விரலும் விரிந்து நின்றன.

மேசைக் கடைசியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவர் வடக்கே எங்கேயோ இருந்து மாற்றலாகி வந்தவர். பேனாவை நிறுத்திவிட்டு, “மத்தியா? மீனைச் சொல்றாங்களா?” என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டார். பக்கத்தில் இருந்தவன் ஆலைக்காரன். தேய்த்த சட்டை போட்டு, அவர்களுக்கெல்லாம் பாட்டிலைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தான். “இல்ல சார். மதின்னா போதும்னு அர்த்தம்” என்றான். இவர் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார். அவன் பொய் சொல்லவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கூடுதலாக அருவருக்கிறது. பொய்யே சொல்லாமல் ஒருத்தியின் கழுத்தை அறுக்க முடிகிறது.

கொஞ்ச நாள் கழித்து அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு ஊர் கமிட்டிக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் ஹாலில் எல்லாரையும் உட்கார வைத்துச் செயலாளர் வாசித்தார். இந்த ஊரைச் சேர்ந்த மீன் விற்கும் பெண்மணி ஒருவர், தற்போதுள்ள ஏற்பாடுகள் தங்களுக்குப் போதுமானவை என்று தெரிவித்தார். அதற்குப் பிறகு உன் பேர், உன் புருஷன் பேர்.

 ஹாலில் எல்லா வாயும் ஒன்றாகத் திறந்தன. யார் கையில் வாங்கித் தின்றாய் என்று கேட்டார்கள். மேற்கேயிருந்து வந்தவளுக்கு இந்தக் கரைமேல் என்ன பாசம் இருக்கும் என்று கேட்டார்கள். நீ எழுந்து நின்றாய்.

“நான் மதின்னுதான் சொன்னேன்” என்றாய்.

“அதைத்தானே எழுதியிருக்கு” என்றார் செயலாளர்.

 நீ என் பக்கம் திரும்பினாய். நான் மேசையோரம் நின்றது உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் உனக்குத் தெரியும். ஊரில் எந்தச் சண்டை வந்தாலும், யார் எப்போது என்ன சொன்னார் என்று என்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். அன்றும் செயலாளர் கூப்பிட்டார். “ஏக்கா, நீங்க பக்கத்துல நின்னியளாமே, அவ என்ன சொன்னா?”

நான் முந்தானையைச் சரிசெய்தேன். “எனக்கு ஞாபகம் இல்ல” என்றேன்.

என் வாழ்நாளில் அந்தச் சொல்லை நான் வேறு எங்கேயும் சொன்னதில்லை. சொன்ன அந்த நொடியில் எனக்கு உன் கை ஞாபகம் இருந்தது, ஐந்து விரல் ஞாபகம் இருந்தது, கீச்சிட்ட மைக் ஞாபகம் இருந்தது. டீச்சரம்மா கதவுக்கு உள்ளே நின்று சொன்னது அதைவிட நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு வீட்டு வாடிக்கைக்கு ஈடாக உன் பேரை எடுத்துக்கொண்டேன்.

நீ என்னைத் திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நீ செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய்.

ஆலைக்கு இரண்டாவது புகைக்குழாய் வந்தது. நாற்றம் வரும்போதெல்லாம் ஜனம் உன் பேரைச் சொல்லித் துப்பியது. ஏலத்தில் உன் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. நீ விடிகாலை முதல் பஸ் பிடித்து வேறு கரைக்குப் போய் மீன் எடுத்தாய். உன் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்தபோது ஒரு வீட்டிலிருந்தும் ஒரு மீன் துண்டு வரவில்லை. ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தாய், எழவில்லை. துக்கமணி அடித்தபோது நான் எண்ணிப் பார்த்தேன், எத்தனை பேர் உன் சாவுக்கு வாசலைத் தாண்டி இறங்குகிறார்கள் என்று. விரலுக்குள் அடங்கிற்று. நான் கல்லறைத் தோட்டத்து வாசல் வரைக்கும் வந்தேன். குனிந்து ஒரு கைப்பிடி மண் எடுத்தேன். உள்ளே வந்து உன் மேல் போடக் கால் வரவில்லை. எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டுத் திரும்பினேன்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. தெரியாதது நேற்று நடந்தது.

நாகர்கோவிலில் ஒரு பெரிய ஹாலில் கூட்டம். மனித உரிமை, நீதி, கொள்கைச் சீர்திருத்தம் என்று பேனரில் போட்டிருந்தது. பொது விவாதம் என்று கீழே இருந்தது. ஊருக்கு வேன் அனுப்பி எங்களைக் கூட்டிப் போனார்கள். பாதிக்கப்பட்ட மக்களின் குரலாம் நாங்கள். வாசலில் நிறுத்தி ஒரு சணல் பை கொடுத்தார்கள். அதில் ஒரு நோட்டு, ஒரு பேனா. எனக்கு வயசு கூடுதல் என்பதால் ஒரு சால்வையும் போட்டார்கள். உள்ளே ஏசி. மல்லிகை வாசம் அடிக்கிற ஏதோ ஒன்றை அறை முழுதும் பீய்ச்சியிருந்தார்கள். நாற்றத்தைப் பற்றிப் பேசுவதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடத்தைப் பார் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அடுப்பை அணைத்தார்கள், இன்றைக்கு மல்லிகை அடிக்கிறார்கள்.

காலையிலிருந்து பேசினார்கள். விளிம்புநிலை, விளிம்புநிலை என்றார்கள். எனக்குப் பாத்திரத்துக்குத்தான் விளிம்பு தெரியும். பிறகுதான் அது நாங்கள்தான் என்று பக்கத்திலிருந்தவள் சொன்னாள். சட்டத்தை எப்படித் திருத்த வேண்டும் என்று ஒருவர் பேசினார். நல்லபடியாகத்தான் பேசினார். மேடையை விட்டு இறங்கியதும் பக்கத்தில் இருந்தவரிடம், இந்த ஊரில் நல்ல மீன் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அது எனக்கும் கேட்டது.

பிறகு ஒரு அம்மாள் வந்தாள். காலேஜில் பாடம் எடுக்கிறவள். பருத்திச் சேலை, நரைத்த முடி, பார்த்தால் மரியாதை வருகிற முகம். கருத்துக் கேட்புக் கூட்டங்கள் எப்படி வெறும் சடங்காகிப் போயின என்று பேசினாள். சரியாகத்தான் சொல்கிறாள் என்று நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போது திரையில் ஒரு காகிதத்தின் படம் வந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். உன் பேர்.

பாதிக்கப்பட்ட பெண்களே தங்களுக்கு நடக்கும் அநீதியைப் போதுமானது என்று ஏற்றுக்கொள்கிற அளவுக்கு அறியாமை இருக்கிறது, விழிப்புணர்வுதான் முதல் தேவை என்றாள் அந்த அம்மாள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். சிலர் எழுதிக்கொண்டார்கள்.

ஊரில் நீ துரோகி. இங்கே நீ ஒன்றும் தெரியாதவள். பகைவர்களும் உன்னைத் தின்றார்கள், நல்லவர்களும் தின்கிறார்கள்.  நான் எழுந்துவிட்டேன்.

கேள்வி கேட்கப் பிறகு நேரம் தருவோம் என்றார் கூட்டத்தை நடத்தியவர். எனக்குக் கேள்வி இல்லை, பதில்தான் இருக்கிறது என்றேன். மைக் வந்தது.

“அவ அப்படிச் சொல்லல. மதின்னுதான் சொன்னா. கையைத் தூக்கிச் சொன்னா. நிறுத்துங்கன்னு அர்த்தம். அவளுக்கு உங்க எல்லாரையும் விட விழிப்பு உண்டு. எழுதினவனுக்குத்தான் இல்ல.”

 காலேஜ் அம்மாள் என்னை உற்றுப் பார்த்தாள். நல்லவள்தான், நியாயமான கேள்வியைத்தான் கேட்டாள். “நீங்க அங்க இருந்தீங்களாம்மா? அப்போ அன்னைக்கே ஏன் சொல்லல?”

அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. பயம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஹாலில் பயம் என்று சொன்னால் கைதட்டுவார்கள். ஆனால் உன் பேரைத் திருத்த வந்த இடத்தில் இன்னொரு பொய்யை எழுதிப் போட எனக்கு மனசு வரவில்லை.

“அவ எனக்க வாடிக்கை வீட்டைப் பிடிச்சா. அதனால சொல்லல” என்றேன்.

சிரித்தார்கள். மொத்த ஹாலும். மோசமான சிரிப்பில்லை, பாட்டி ஏதோ வேடிக்கையாகச் சொல்லிவிட்டாள் என்கிற சிரிப்பு. மேடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் வடையோடு சிரித்ததும் இதுவும் என் காதுக்கு ஒன்றாகத்தான் கேட்டது. சிரிக்காதவள் காலேஜ் அம்மாள் மட்டும். அவள் திரும்பித் திரையில் இருந்த உன் பேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடத்தியவர் மைக்கை வாங்கிக்கொண்டார். உங்கள் உணர்வுகளைப் பதிவு செய்துகொண்டோம் பாட்டிம்மா என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பதிவு என்ற சொல்லைக் கேட்டதும் நான் உட்காரவில்லை. நேரே மேடைக்குப் பக்கத்தில், கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்த ஆளிடம் போனேன். ரிட்டயர் ஆகிற வயசு, மூக்குக் கண்ணாடி. என்ன பதிவு செய்தாய், வாசி என்றேன். அவர் முதலில் மழுப்பினார். நான் நகரவில்லை. தயங்கித் தயங்கி வாசித்தார். மூதாட்டி ஒருவர், காலஞ்சென்ற பெண்மணியுடன் தமக்கிருந்த தனிப்பட்ட விரோதம் குறித்துப் பகிர்ந்துகொண்டார்.

பார்த்தாயா? பொய் ஒன்றும் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சொன்னதை எழுது என்றேன். இது மேலே உள்ளவர்களின் அறிக்கை, என் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்றார் அவர். நீ ஒன்றையும் மாற்ற வேண்டாம், என் வாயிலிருந்து வந்ததை அப்படியே போடு, போடும் வரைக்கும் நான் இங்கேதான் நிற்பேன் என்றேன். சாப்பாட்டுக்கு மணி அடித்தது. ஹால் காலியாயிற்று. சாப்பிட்டதும் வேன் கிளம்பிவிடும் என்று நம் ஊர்ப் பெண்கள் வந்து இழுத்தார்கள். நின்றேன். கால் மரத்துப் போகும் வரைக்கும் நின்றேன். கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “சரி பாட்டி, சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். நீ பேசியது முழுவதையும், சாரே என்று நீ அழைத்ததைக்கூட விடாமல் சொன்னேன். அவர் அடித்தார். கடைசிச் சொல்லுக்கு வந்ததும் விரல் நின்றது.

“மதின்னா யாருக்கும் விளங்காது. போதும்னு போடட்டா?”

“போடாத” என்றேன். “மதின்னே போடு. விளங்காதவன் கேட்டுத் தெரிஞ்சிட்டு எழுதட்டும். கையைத் தூக்கினாள்னும் போடு. அஞ்சு விரலையும் விரிச்சுத் தூக்கினா.”

அதையும் அடித்தார். இன்னொன்று இருக்கிறது என்று சொல்லி, அதைக் கேட்ட சாட்சி ஊர்ச்சபையில் ஞாபகம் இல்லை என்று பொய் சொன்னாள், அவள் பேர் இது என்று என் பேரைச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அதையும் அடித்தார். வாசித்துக் காட்டச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன்.

அது புத்தகமாக வரும்போது இருக்குமா, எவனாவது வெட்டிவிடுவானா என்று எனக்குத் தெரியாது. அவர்களை நான் நம்பவில்லை. அதனால்தான் இந்தத் தாள். இதில் நீ சொன்ன பகுதியையும் நான் சொன்ன பொய்யையும் தனியாக ஒரு தாளில் எழுதி, வருகிற ஞாயிறு கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப் போகிறேன். பூசை முடிந்து ஜனம் வெளியே வருகிற வழியில்தான் அந்தப் பலகை. கிழித்தால் மறுபடியும் எழுதுவேன். நோட்டில் இன்னும் தாள் இருக்கிறது. மூன்றாவது புகைக்குழாய்க்கும் அனுமதி கேட்டிருக்கிறார்களாம், மறுபடியும் பந்தல் போடுவார்களாம். வரட்டும். வடை தின்னாமல் முன்னால் போய் நிற்பேன். பேசி முடித்ததும், எழுதுகிறவனிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் நகருவேன்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை. டீச்சர் வீட்டை நீ பிடித்தது பிடித்ததுதான். அதை நான் விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அதன் இடம் வேறு, இதன் இடம் வேறு. அது இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்றுதான் எனக்கு என் மேலேயே குமட்டுகிறது.

நேற்று கடைசிப் பந்தியில் உட்கார்ந்தேன். பசி இல்லை, வேனில் வந்தவர்கள் வற்புறுத்தினார்கள். சோறு விளம்பினவன் அகப்பையோடு நின்று என் முகத்தைப் பார்த்தான். உன் கூடப் பழகிப் பழகி எனக்கும் அந்தச் சொல்தான் நாக்கில் நிற்கும், உனக்குத் தெரியாது. நீ போன பிறகும் அது நாக்கை விட்டுப் போகவில்லை. வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அவன் இன்னொரு அகப்பை போட்டான். இன்னும் ஒன்று. இலையில் குவிந்த பிறகுதான் எனக்கு எங்கள் பழைய சொல் ஞாபகம் வந்தது.

“போரும் மக்கா” என்றேன்.

இனி சோற்றுக்கு எனக்குப் ‘போரும்’ போதும். உன்னுடைய சொல்லை நான் நாற்றத்துக்கு வைத்திருக்கிறேன்.